தண்ணி அசைந்தால் நீ அசையாதே: கோலப் புள்ளியில் ஒரு டைனோசர் ஆட்டம்

அரியலூரில் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். அதனால் எது கேட்டாலும் அம்மா வெட்டி ஒட்டிக் கொடுத்துவிடும் என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு நினைப்பு. போன கோடை லீவில் டிவியில் ‘ஜுராசிக் பார்க்’ பார்த்து முடித்த கையோடு, ஏழாம் வகுப்பு படிக்கிற பெரியவள் போனை நீட்டினாள். ராவன்ஸ்பர்கர் கம்பெனி போட்ட ‘ஜுராசிக் பார்க் டேஞ்சர்’ என்கிற பலகை விளையாட்டு. ஒருத்தர் டைனோசர்களை ஆட்டுவிக்கணும், மற்றவர்கள் தீவை விட்டுத் தப்பிக்கிற மனிதர்கள். வெளிநாட்டுச் சரக்கு. விலையைப் பார்த்தேன், போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

கட்டிலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “இது என்னாடி, நம்ம ஆடு புலிதான?” என்றார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. ஒரு பக்கம் பலம், இன்னொரு பக்கம் எண்ணிக்கை. கோயில் மண்டபக் கல்லில் கீறி வைத்த அந்தக் கட்டத்தில் ஆடி வளர்ந்தவர் அத்தை. அவர் சொன்னதை வைத்துக்கொண்டு நானும் பிள்ளைகளும் ஒரு மாதம் மல்லுக்கட்டிச் செய்த ஆட்டத்தை, அளவு முதல் விதி வரை அப்படியே இங்கே எழுதுகிறேன். 2 பேர் முதல் 5 பேர் வரை ஆடலாம். ஒரு ஆட்டம் முக்கால் மணி நேரம். கடைச் செலவாகப் பார்த்தால் இருநூறு ரூபாய் தாண்டாது.

முதல் இரண்டு முயற்சி குப்பைக்குப் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் அதையே செய்து நேரத்தைத் தொலைக்க வேண்டாம். முதலில் பகடை உருட்டி 1 முதல் 100 வரை போகிற பாதை போட்டேன். அது பரமபதம்தான். பாம்புக்குப் பதில் டைனோசர் ஸ்டிக்கர், அவ்வளவே. அடுத்து, பகடையை எடுத்துவிட்டு எல்லா டைனோசரையும் பலகை மேலே வைத்தோம். படத்தில் வருகிற பெரிய வேட்டை டைனோசரான டி-ரெக்ஸ் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது, சுற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். யாருக்கும் பயமே இல்லை. மூன்றாம் வகுப்பு படிக்கிற சின்னவன் நடுவிலேயே எழுந்து சைக்கிள் ஓட்டப் போய்விட்டான்.

அப்புறம் படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடுகிற படத்தில் டைனோசர்கள் திரையில் இருப்பதே கால் மணி நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் அது வருமோ வருமோ என்கிற படபடப்பு. டி-ரெக்ஸ் நடந்து வர வர, கார் டாஷ்போர்டில் இருக்கிற டம்ளர் தண்ணியில் வட்டம் வட்டமாக அலை எழும்புகிறதே, அதுதான் படம். இன்னொன்றும் கவனித்தேன். டி-ரெக்ஸ் வந்தால் அசையாமல் நிற்கணும், அசைகிறது மட்டும்தான் அதன் கண்ணுக்குத் தெரியுமாம். ராப்டர் என்கிற, கூட்டமாக வேட்டையாடுகிற சின்ன டைனோசர் வந்தால் நிற்கக் கூடாது, ஓடணும். ஒரு பயம் நில் என்கிறது, மற்றொன்று ஓடு என்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வாய்? ஆட்டம் மொத்தமும் இந்த ஒரு கேள்விதான். (உண்மையான டி-ரெக்ஸுக்குக் கண்பார்வை ரொம்பக் கூர்மை என்றுதான் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். எதிரே நிஜமாக வந்தால் இந்த விதியை நம்பி நிற்காதீர்கள்.)

பலகை

தீவுக்கு 9 புள்ளி, 5 வரை, இடைப்புள்ளி. கோலம் போடுகிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: மேலிருந்து கீழாக 5, 6, 7, 8, 9, 8, 7, 6, 5 என்று வரிசைகள். ஒரு வரிசையின் புள்ளி, மேல் வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுச்சந்தில் விழணும். மொத்தம் 61 புள்ளி. ஆறு மூலை உள்ள தீவு தானாக வந்துவிடும். ஓரத்தில் இருப்பவை தவிர ஒவ்வொரு புள்ளிக்கும் ஆறு பக்கத்துப் புள்ளிகள்.

புள்ளிக்குப் புள்ளி 5 செ.மீ இடைவெளி வையுங்கள். சோடா மூடியை வைத்து எடுக்க அதுதான் வாகு. நடு வரிசை 40 செ.மீ நீளம் வரும், மேலிருந்து கீழ் ஏறக்குறைய 34.6 செ.மீ. சுற்றி விளிம்பு விட்டு 50-க்கு 45 அளவில் சார்ட்டை வெட்டிக்கொண்டேன். தரையில் எத்தனையோ கோலம் போட்ட அத்தை, “குடு, நான் வெக்கிறேன்” என்று பென்சிலை வாங்கி, ஸ்கேல் இல்லாமல் மளமளவென்று வைத்தார். கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. கோடு இழுத்தபோது நாலாவது வரிசை அரை செ.மீ இறங்கியிருந்தது. அவரிடம் சொல்லவில்லை. நீங்கள் 5 செ.மீ பக்கமுள்ள ஒரு சமபக்க முக்கோணத்தைத் தடித்த அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள். முதல் வரிசை 5 புள்ளியை ஸ்கேலில் வைத்துவிட்டு, முக்கோணத்தின் இரண்டு முனையை அவற்றில் பொருத்தினால் மூன்றாவது முனை அடுத்த வரிசைப் புள்ளியைக் காட்டும். அப்படியே நகர்த்திக்கொண்டு போகலாம்.

பக்கத்துப் புள்ளிகளைச் சேர்க்கிற சின்னக் கோடுகளை எண்ணினால் 156 வரும். பயப்படாதீர்கள். மூன்று திசை, திசைக்கு 9 நேர்க்கோடு, ஆக 27 இழுப்பில் முடிந்துவிடும்.

பிறகு மேல் வரிசையின் இடது ஓரத்திலிருந்து 1, 2, 3 என்று எண் போடுங்கள். கடைசி வரிசையின் வலது ஓரம் 61. நட்ட நடுப்புள்ளி 31. ஆறு மூலைகள்: 1, 5, 35, 61, 57, 27. இவை சரியாக வந்தால் நீங்கள் எண் போட்டது சரி. 6-க்கும் 9-க்கும் அடிக்கோடு இடுங்கள். பலகையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிறோம், எதிரே இருப்பவருக்கு 61 என்பது 19 ஆகத் தெரியும். இதனால் ஒரு நாள் எங்கள் வீட்டில் ஒரு சண்டையே நடந்தது.

பைண்டிங்கில்தான் ஒரு நுணுக்கம். மில் போர்டை (பைண்டிங்குக்குப் போடுகிற தடித்த அட்டை) இரண்டாக வெட்டி, மடக்குகிற மாதிரி செய்யணும். சரிபாதியில் வெட்டாதீர்கள். 5, 7, 9 புள்ளி வரிசைகளின் நடுப்புள்ளி எல்லாம் அந்த மடிப்பில் விழும். நான் அப்படித்தான் வெட்டினேன். நடுப்புள்ளியில் வைத்த மூடி பள்ளத்தில் ஆடிக்கொண்டே இருந்தது. மடிப்பை ஒன்றேகால் செ.மீ தள்ளுங்கள்: ஒரு பலகை 23.75 செ.மீ அகலம், மற்றது 26.25. அப்போது மடிப்பு எந்தப் புள்ளியையும் தொடாது. சார்ட்டைப் பலகைகள் மேல் ஒட்டி, இணைப்பில் கட்டர் வைத்துக் கீறிவிட்டு, அதன்மேல் 2 செ.மீ அகலத்தில் காலிகோ என்கிற பைண்டிங் துணி. துணி முகப்பக்கம்தான் வரணும். பின்பக்கம் ஒட்டினால் படம் வெளியே தெரிகிற மாதிரிதான் பலகை மடங்கும், நாலு நாளில் சுரண்டிப் போகும். துணி மறைத்த கோடுகளை மார்க்கரால் மறுபடி இழுத்துவிட்டால் முடிந்தது. எங்கள் கடை லேமினேஷன் மெஷினில் இந்த அகலம் நுழையாது. அதனால் மேலே ஒட்டுகிற கண்ணாடி ஷீட்டைப் போட்டேன். டியூப்லைட் வெளிச்சத்தில் கொஞ்சம் பளபளக்கும். இருந்தாலும் பக்கத்தில் தண்ணி டம்ளர் இருக்கப்போகிறது, ஷீட் கட்டாயம்.

காய்கள்

மனிதர்களுக்கு 6 சோடா மூடி. மேல்பக்கம் முகம் வரைந்த வட்டத் தாள் ஒட்டுங்கள், உள்பக்கம் அப்படியே இருக்கட்டும். தொப்பிக்காரர், டாக்டர் அம்மா, கைத்தடித் தாத்தா, வக்கீல், ஒரு அக்கா, ஒரு தம்பி என்று பெரியவள் வரைந்தாள். ஆளுக்கு ஒரு தனித் திறமை கொடுத்தும் பார்த்தோம். யாருக்கும் நினைவில் நிற்கவில்லை, விட்டுவிட்டோம். எல்லாரும் சமம். ஆனாலும் வக்கீலை யாரும் காப்பாற்றுவதில்லை என்பது விதியில் எழுதாத விதி.

ராப்டர் 2, டி-ரெக்ஸ் 1, நீளக்கழுத்து 1. திருவிழாக் கடை பிளாஸ்டிக் பொம்மைகளே போதும். அடிப்பகுதி 4 செ.மீக்குள் இருக்கணும்.

இந்த நீளக்கழுத்து எங்கள் ஊர்க்காரர். அரியலூருக்குப் பக்கத்தில் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987-ல் ‘ப்ருஹத்காயோசாரஸ்’ என்று பேர் வைத்தார்கள். பெருத்த உடம்புள்ள பல்லி என்று அர்த்தம். முதலில் கறி தின்னி என்று எழுதி, பிறகு தழை தின்கிற நீளக்கழுத்து என்று மாற்றினார்கள். அந்த எலும்புகள் பொடிந்து போய்விட்டன, படங்கள்தான் மிச்சம். சினிமாவுக்கு ஜுராசிக் காலத்தின் பேர் இருந்தாலும் டி-ரெக்ஸும் ராப்டரும் அதற்குப் பிந்தைய கிரெட்டேஷியஸ் காலத்தவை. கல்லமேட்டானும் அந்தக் காலத்தின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தவர்தான். அதனால் அவருக்கு ஆட்டத்தில் இடம் கொடுப்பதில் தப்பே இல்லை என்று சின்னவனிடம் சொன்னேன். அன்றிலிருந்து அந்தக் காய் அவனுடைய சொத்து.

இன்னும் வேண்டியவை: 20 புளியங்கொட்டை, ஒரு கிண்ணம், டைனோசர் ஆடுபவருக்கு ஒரு சின்ன நோட்டு, பேனா. அப்புறம் டம்ளர்.

டம்ளர் எவர்சில்வராக இருந்தால் அலை தெரியாது, கண்ணாடி டம்ளர் வேண்டும். நாங்கள் தரையில் உட்கார்ந்துதான் ஆடுவோம். தரையை எவ்வளவு தட்டினாலும் தண்ணி அசையவில்லை. படத்தில் அந்த அலையை வரவழைக்கக் கிடார் கம்பியைக் கட்டி மீட்டினார்களாம். எங்கள் வழி இது: ஒரு எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து, அதன் நடுவில் முக்கால் டம்ளர் தண்ணி வையுங்கள். தட்டின் ஓரத்தில் ஆள்காட்டி விரலால் ஒரு சுண்டு. ‘டொய்ங்’ என்று சத்தமும் வரும், தண்ணியில் நடுவிலிருந்து வட்டம் வட்டமாக அலையும் எழும். முதல் தடவை இதைச் செய்தபோது வீட்டுக்காரர் உட்பட எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

யார் எங்கே

ஒருவர் டைனோசர் பக்கம். மற்றவர்கள் 6 மனிதர்களைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். 31 பார்வையாளர் மாளிகை, ஆறு பேரும் அங்கே தொடங்குகிறார்கள். 1 ஜெனரேட்டர் அறை. 35 கம்ப்யூட்டர் அறை. 5 ஹெலிகாப்டர் இறங்குமிடம். ராப்டர்கள் 27-லும் 61-லும். டி-ரெக்ஸ் 57-ல் தொடங்கும், ஆனால் பலகையில் வைக்கக் கூடாது. நோட்டில் 57 என்று எழுதிக்கொள்ளணும். நீளக்கழுத்தைக் காலியான எந்தப் புள்ளியிலும் வைக்கலாம்.

படத்தின் கதையைச் சுருக்கினால் கரண்ட் கட் கதைதான். கரண்ட் போனது, வேலி செத்தது, மற்றதெல்லாம் நடந்தது. ஆகவே மனிதர்கள் முதலில் ஜெனரேட்டரைப் போடணும், அதற்கப்புறம் கம்ப்யூட்டரை. ‘போடுவது’ என்றால் ஒருவர் அந்தப் புள்ளிக்குப் போய், அடுத்த சுற்று முழுக்க அசையாமல் அங்கேயே நிற்பது. இரண்டும் ஆனபிறகு 5-ஆம் புள்ளி திறக்கும். அங்கே கால் வைத்தவர் ஏறிவிட்டார், காயை எடுத்துவிடலாம். அதுவரை 5-ல் யாரும் நிற்கக் கூடாது.

நாலு பேர் ஏறினால் மனிதர்கள் ஜெயம். மூன்று பேரைத் தின்றால் டைனோசர் ஜெயம். சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை கிண்ணத்தை விட்டு வெளியே வரும். இருபதும் தீர்ந்தால் இருட்டிவிட்டது, அப்போதும் டைனோசருக்கே ஜெயம்.

ஒரு சுற்று

முதலில் மனிதர்கள். ஒவ்வொருவரும் கோட்டு வழியே ஒரு புள்ளி நடக்கலாம், அல்லது நிற்கலாம். சுற்றுக்கு ஒரே ஒருவர் மட்டும் இரண்டு புள்ளி ஓடலாம். நகர்ந்தவரின் மூடி முகம் தெரிய நிமிர்ந்திருக்கணும், நின்றவரைக் குப்புறப் போடணும். இதை மறந்தால் ஆட்டமே குழம்பிவிடும். 31 தவிர ஒரு புள்ளியில் ஒருவர்தான்.

அடுத்து நீளக்கழுத்து ஒரு புள்ளி நகரும், அல்லது நிற்கும். வீட்டிலேயே வயதில் சின்னவர் அதை நகர்த்துவார், அவர் எந்தப் பக்கம் ஆடினாலும். அது யாரையும் தின்னாது. ஆனால் அது நிற்கிற புள்ளியில் வேறு யாரும் வர முடியாது, தாண்டவும் முடியாது.

கடைசியாக டைனோசர்கள். ராப்டர் ஆடு புலியில் வரும் புலியேதான். ஒரு புள்ளி நகரும். அல்லது பக்கத்தில் ஒருவர் இருந்து, அதே நேர்க்கோட்டில் அவருக்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால், தாண்டிக் குதித்து அவரைத் தின்னும். அடுத்த புள்ளியில் இன்னொரு மனிதரோ நீளக்கழுத்தோ இருந்தால் குதிக்க முடியாது. பலகை விளிம்பு என்றாலும் முடியாது. சுற்றுக்கு ஒரு குதிதான்.

டி-ரெக்ஸ் இரண்டு புள்ளி வரை போகலாம். நோட்டில் புது எண்ணை எழுதுங்கள். அது குதிக்காது, நேராக மனிதர் மேலேயே வந்து நிற்கும், ஆனால் நிமிர்ந்திருக்கும் மூடியை மட்டும்தான் தின்னும். குப்புறக் கிடப்பவர் அதன் கண்ணுக்குத் தெரியமாட்டார், அவரைக் கடந்து போகலாம், அவர் மேல் நிற்கக் கூடாது. யாரையாவது தின்றால் அந்தப் புள்ளியில் பொம்மையை வைத்துக் காட்டணும், அடுத்த சுற்றில் எடுத்துவிட்டு மறுபடி மறைந்துவிடலாம். யாராவது தெரியாமல் அது நிற்கிற புள்ளிக்கே நடந்து வந்துவிட்டால் அந்த இடத்திலேயே அவர் கதை முடிந்தது.

இப்போது டம்ளர். டைனோசர்கள் நகர்ந்து முடித்ததும், டி-ரெக்ஸ் எந்த மனிதருக்காவது மூன்று புள்ளி தூரத்துக்குள் இருந்தால், டைனோசர் ஆடுபவர் தட்டைச் சுண்டியே ஆகணும். எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டாம், யாருக்குப் பக்கம் என்றும் சொல்ல வேண்டாம்.

ஏன் மூன்று என்று வீட்டுக்காரர் கேட்டார். முதலில் இரண்டு என்றுதான் வைத்திருந்தேன். மூன்று புள்ளி தள்ளி நின்ற டி-ரெக்ஸ் பக்கமாக ஒருவர் தெரியாமல் ஒரு அடி வைத்தால், எச்சரிக்கையே இல்லாமல் வாயில் விழுந்துவிடுவார். சின்னவன் அப்படி இரண்டு தடவை செத்து, அழுதுகொண்டு போய்ப் படுத்துவிட்டான். மூன்று என்று வைத்தால் கணக்கு ஒழுங்காக நிற்கிறது: தண்ணி அசையவில்லை என்றால், ஒரு அடி நடக்கிறவருக்கு அந்தச் சுற்றில் டி-ரெக்ஸால் ஆபத்தே இல்லை. ஓடுகிறவருக்கு உண்டு. தண்ணி அசைந்தால், அடி எடுத்து வைக்கிற ஒவ்வொருவரும் சூதாடுகிறார்கள்.

31 மட்டும் தனி. அங்கே டி-ரெக்ஸ் நுழையாது. “கடைசி சீன்ல உள்ள வருமேம்மா” என்று பெரியவள் விடாமல் வாதாடினாள். வரும்தான், ஆனால் அங்கே வந்து அது அடித்தது ராப்டர்களை. விளையாட்டுக்கு ஒரு நிழல் வேண்டும் என்று நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, ஆறு புளியங்கொட்டை வெளியே வரும் வரைதான் ராப்டர்களுக்குக் கதவு பூட்டு. அதற்கப்புறம் கதவைத் திறக்கக் கற்றுக்கொள்ளும், உள்ளே இருப்பவர்களில் ஒருவரைத் தாண்டித் தின்னலாம். உள்ளே எத்தனை பேர் இருந்தாலும் குதிக்கு ஒருவர்தான்.

ஆடும்போது

ராப்டரும் ஒரு அடி, மனிதரும் ஒரு அடி. ஆகவே நகர்ந்துகொண்டே இருப்பவரை ராப்டர் லேசில் பிடிக்க முடியாது. டி-ரெக்ஸால் நிற்பவரைத் தொடவே முடியாது. தனித்தனியாக இரண்டுமே பூனைக்குட்டி. டைனோசர் ஆடுபவர் செய்ய வேண்டியது இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருவது. டி-ரெக்ஸை நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி ஒவ்வொரு சுற்றும் தட்டைச் சுண்டினாலே பாதிப் பேர் உறைந்துவிடுவார்கள், ராப்டர்கள் நிதானமாக வந்து கோடு பார்த்துக் குதிக்கும்.

மனிதர்கள் ஆறு பேரும் ஒட்டிக்கொண்டு போனால் பத்திரம், ஆனால் இருபது கொட்டைக்குள் முடியாது. பிரிந்தால் முடியும், ஆனால் பத்திரமில்லை. 1-க்கு இருவர், 35-க்கு இருவர், மீதி இருவர் நடுவில் என்று பிரிவதுதான் எங்களுக்குச் சரிப்பட்டது. கம்ப்யூட்டருக்குப் போனவர்கள் ஜெனரேட்டர் போடும் வரை விளிம்பிலேயே காத்திருக்கணும். மூலையில் நிற்பவருக்குப் பின்னால் புள்ளியே கிடையாது, எந்தப் பக்கமிருந்தும் ராப்டர் குதிக்க முடியாது. விளிம்பிலோ, விளிம்புக் கோட்டு வழியாக வந்தால் மட்டும் குதிக்கும். அத்தை இதை முதல் ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆடு புலி ஆடினவர்களுக்கு இதெல்லாம் கையோடு வருகிறது.

அவர் ஆடின ஒரு கட்டத்தைச் சொல்கிறேன், விதி எல்லாம் அதில் புரிந்துவிடும். பத்துக் கொட்டை போயிருந்தது. டைனோசர் பக்கம் வீட்டுக்காரர். அத்தையின் டாக்டர் அம்மா 22-ல். பக்கத்தில் 30-ல் ஒரு ராப்டர். 30, 22, 15 மூன்றும் ஒரே கோடு, 15 காலி. வீட்டுக்காரர் மெதுவாகத் தட்டைச் சுண்டினார். டொய்ங்.

நின்றால் ராப்டர் தின்னும், அது நிச்சயம். நகர்ந்தால் டி-ரெக்ஸ் தின்னலாம். 31-க்குள் நுழையலாமா என்றால், 30, 31, 32 ஒரே கோடு, கதவும் திறந்தாயிற்று. பெரியவள், “நான் என் ஆளை 15-க்கு அனுப்பவா அப்பாயி?” என்றாள். “உன் ஆளு நகந்தா அது சாவும்டி,” என்றார் அத்தை. கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தார். பிறகு மூடியைக் குப்புறப் போட்டுவிட்டு, பக்கத்தில் திரும்பி, “எய்யா, உன் கல்லமேட்டான் எங்க நிக்குது?” என்றார். 9-ல் நின்றது. “ஒரே ஒரு அடி, இந்த 15-க்குத் தள்ளு சாமி.”

15 அடைபட்டது. ராப்டரால் குதிக்க முடியவில்லை. டாக்டர் அம்மா நிற்கிறார், டி-ரெக்ஸ் கண்ணுக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் தன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தார், பேசவில்லை.

சின்னவனுக்கு அன்றைக்குத்தான் தன் காயின் மதிப்பு தெரிந்தது. அடுத்த ஆட்டத்தில் இன்னொன்றையும் கண்டுபிடித்தான். நீளக்கழுத்தை ஒரு புள்ளிக்கு நகர்த்தும்போது அங்கே டி-ரெக்ஸ் மறைந்திருந்தால், “அங்க இடமில்லை” என்று டைனோசர் ஆடுபவர் சொல்லியே ஆகணும். குருடர் தடியால் தடவுகிற மாதிரி அவன் தடவிக்கொண்டே போய் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டான். இதைத் தடை செய்யணும் என்றார் வீட்டுக்காரர். வேண்டாம் என்று விட்டுவிட்டோம். சுற்றுக்கு ஒரு புள்ளிதானே தடவ முடியும்.

கூட்டல் கழித்தல்

இரண்டு பக்கமும் சமமில்லாத ஆட்டத்தில், நாலு ஆட்டம் ஆடினால் ஒரு பக்கமே ஜெயித்துக்கொண்டிருப்பது போல் தோன்றும். விதியை மாற்றாதீர்கள், கொட்டையை மாற்றுங்கள். நாங்கள் 15-ல் தொடங்கினோம், மனிதர்கள் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. 25 வைத்தோம், டைனோசருக்கு வேலையே இல்லை. 20 எங்கள் வீட்டு அளவு. சின்னப் பிள்ளைகள் அதிகமென்றால் 23, 24 வைத்துப் பாருங்கள். எட்டு வயதுக்குக் கீழே என்றால் டி-ரெக்ஸை மறைக்காமல் பலகையிலேயே வைத்து இரண்டு ஆட்டம் பழக்கிவிட்டு, அப்புறம் மறையுங்கள்.

இருவர் மட்டும் என்றால் ஒருவர் ஆறு மனிதர்களையும் ஆடட்டும், நீளக்கழுத்தை முறை வைத்து நகர்த்துங்கள்.

தட்டைச் சுண்ட மறப்பதுதான் அடிக்கடி வருகிற தகராறு. வேண்டுமென்றே மறக்கிறவர்களும் உண்டு, பேர் சொல்லமாட்டேன். நோட்டில் சுற்று எண்ணும் புள்ளி எண்ணும் வரிசையாக எழுதணும், சுண்டின சுற்றுக்குப் பக்கத்தில் ஒரு டிக். சுண்ட வேண்டிய இடத்தில் சுண்டாமல் யாரையாவது தின்றிருந்தால், அந்த ஆள் உயிரோடு 31-க்குத் திரும்பி வருவார். ஆட்டத்தின் நடுவில் நோட்டைக் கேட்கக் கூடாது. தின்றபோது அந்த ஒரு வரியை மட்டும் காட்டணும்.

ஆட்டம் முடிந்ததும் நோட்டை நடுவில் வைத்து, டி-ரெக்ஸ் போன வழியை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் விரலால் தொட்டுக்கொண்டு வருவார். எங்கள் பிள்ளைகள் இதற்காகவே தோற்றாலும் எழுந்து போகமாட்டார்கள். அன்றைக்குப் பெரியவள் வாசித்தாள். பத்தாவது சுற்றுக்கு வந்ததும் நிறுத்தினாள். 24. டாக்டர் அம்மாவுக்கு இரண்டே புள்ளி. 23-க்கோ 15-க்கோ நகர்ந்திருந்தால் டி-ரெக்ஸ். 21-க்கு நகர்ந்திருந்தால் 30, 21, 13 ஒரே கோடு, ராப்டர். ஒரு அடியில் தப்பிக்க 14 ஒன்றுதான் புள்ளி.

“எனக்குத் தெரியும்,” என்றார் அத்தை. தெரிந்திருக்க வழியே இல்லை.